ரேடியேட்டர் ஃபேன் கிளிப் உடைந்தால்…

கேள்வி: காரின் ரேடியேட்டர் ஃபேனைக் கழற்றும்போது மேல் கிளிப் ஒன்று உடைந்துவிட்டது. கேபிள் டையை ரேடியேட்டருக்குள் கோத்துக் கட்டிவிடலாமா?

பதில்: கட்டவே கட்டாதீர்கள். ஃபேன் அதிரும்போது டை அலுமினியக் குழாயை உரசிக்கொண்டே இருக்கும். ஒருநாள் துளை விழுந்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஒழுகும்.

இவ்வகை ஃபேன்களில் எடையைத் தாங்குவது பெரும்பாலும் கீழ்க்கொக்கிகள்தான். மேல் கிளிப்புகள் ஃபேன் மேலெழும்பாமல் பிடித்துக்கொள்கின்றன. அதனால் ஒரு கிளிப் போனால் ஃபேன் உடனே விழாது. ஆனால் ஆடும், சத்தம் போடும், மீதிக் கிளிப்பும் உடையும். கிளிப் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். வருடக்கணக்கில் சூடேறி மொரமொரப்பாகிவிடுகிறது. தட்டை முனை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அடியோடு ஒடியும். கழற்றும்போது கிளிப்பின் நாக்கை 2, 3 மி.மீ. மட்டும் விலக்கி, ஃபேனை நேர்மேலே தூக்க வேண்டும்.

சில மாடல்களில் கிளிப்புக்குப் பக்கத்திலேயே போல்ட் துளை இருக்கும். அதில் பொருத்தமான போல்ட்டை அளவாக முறுக்கினால் போதும். துளை இல்லையென்றால் ஃபேன் கூட்டை மாற்றுவதே சரி. சூப்பர் க்ளூ இந்தச் சூட்டிலும் அதிர்விலும் நிலைக்காது.

மாட்டும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். இன்ஜின் அணைந்த பிறகும் ஃபேன் தானே சுழலக்கூடும், விரல் போய்விடும்! முதலில் கீழ்க்கொக்கிகள் பள்ளத்தில் உட்கார்ந்ததா பாருங்கள். பிறகு மேலே ஒவ்வொரு கிளிப்பாக அழுத்தி 'டக்' சத்தம் கேளுங்கள். கேட்டாலும் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.