14 வருடச் சாமான், ஒரு சனிக்கிழமை: கராஜ் சேல் நடத்துவது எப்படி?

கேள்வி: நாங்கள் கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள மார்க்கம் நகரில் 14 வருடமாக இருக்கிறோம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஜூன் கடைசியில் ஒரு சின்ன டவுன்ஹவுசுக்கு மாறுகிறோம். கராஜும் பேஸ்மென்டும் சாமானால் நிரம்பிக் கிடக்கின்றன. போன ஓகஸ்டில் பழைய சாமானை வீட்டு வாசலில் பரப்பி விற்கும் கராஜ் சேல் ஒன்று போட்டோம். காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணிவரை வெயிலில் இருந்தும் 60 டொலர்தான் சேர்ந்தது. முக்கால்வாசிச் சாமானைத் திரும்ப உள்ளே தூக்கி வைத்தோம். எதிலும் விலை ஒட்டவில்லை, கேட்டவர்களுக்கு வாயால் சொன்னோம். இந்த முறை என்னத்தை மாற்ற வேண்டும்?

பதில்: விலை ஒட்டாமல் விட்டதுதான் போன முறை உங்களைக் கவிழ்த்தது. தெருவால் போகிறவர் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் உங்கள் டிரைவ்வேயில் கால் வைக்கும்போதே கொஞ்சம் கூச்சத்தோடுதான் வருகிறார். விலை கேட்டால் வாங்கியே ஆக வேண்டுமோ என்ற தயக்கம் அவருக்கு. கேட்காமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுவார். கேட்கிறவருக்கும் நீங்கள் அந்த நிமிடம் யோசித்துத்தான் விலை சொல்ல வேண்டும். அதற்குள் பின்னால் நிற்கும் மூன்று பேர் நழுவிவிடுவார்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமை இரவுக்கு முன் ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று முடிவு எடுத்து வையுங்கள்: ஒட்டும் விலை என்ன, எதுவரை இறங்கலாம், விற்காவிட்டால் அது எங்கே போகும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வீடு மாறும் உங்களுக்கு அதுதான் மிக முக்கியம். கராஜை விட்டு வெளியே வந்த எதுவும் திரும்ப உள்ளே போகக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் முதலே பேசிக்கொள்ளுங்கள். திரும்ப உள்ளே போனதை லொறியில் ஏற்றப் பிறகு நீங்கள்தான் கூலி கொடுக்க வேண்டும்.

நாளும் நேரமும்

ஓகஸ்ட் நல்ல மாதம் அல்ல. ஆட்கள் விடுமுறையில் போய்விடுவார்கள், பத்து மணிக்கு மேல் வெயிலில் நிற்க முடியாது. உங்களுக்குப் பொருத்தமானது மே கடைசிச் சனி அல்லது ஜூன் முதற் சனி. மே மாதத்தில் திங்கள் விடுமுறையோடு வரும் விக்டோரியா தின நீண்ட வாரஇறுதியைத் தவிருங்கள், பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். ஜூன் முதல் வாரத்தில் முடித்தால், மிஞ்சியதை ஒழுங்குபடுத்த இன்னும் மூன்று வாரம் கையில் இருக்கும். மழை வந்தால் ஞாயிறு என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.

நேரம் காலை 8 முதல் 1 மணிவரை போதும். வாங்கும் ஆட்களில் பெரும் பங்கு பத்தரைக்கு முன் வந்துவிடும். பழைய சாமான் வாங்கி விற்கும் வியாபாரிகள் ஏழு மணிக்கே வந்து நிற்பார்கள். அவர்களைக் கண்டு அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் ஒருவர் நல்ல சாமானைத் தேடிப்பிடித்து எடுக்கிறார் என்றால், ஒட்டிய விலைக்கு எடுக்க அவர் ஆயத்தம் என்றுதான் அர்த்தம்.

சில நகராட்சிகள் ஒரு வீட்டில் வருடத்துக்கு எத்தனை சேல் போடலாம், பலகையை எங்கே வைக்கலாம் என்று விதி வைத்திருக்கின்றன. உங்கள் நகராட்சிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்டுவிடுங்கள். மின்கம்பத்தில் ஆணி அடிக்கவோ ஒட்டவோ வேண்டாம்.

விற்கக் கூடாதவை

பிள்ளைகள் வளர்ந்த வீடு என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2011 ஜூனில் நடைமுறைக்கு வந்த கனடா நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் கடைகளோடு நின்றுவிடுவதில்லை. கராஜ் சேல் போடும் வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். காசு வாங்காமல் கொடுப்பதையும் அந்தச் சட்டம் விற்பனையாகவே கணக்கில் எடுக்கிறது. 'சும்மாதானே கொடுத்தோம்' என்று சொல்லித் தப்ப முடியாது.

சில்லு வைத்த பேபி வோக்கரை 2004 ஏப்ரலிலிருந்து கனடாவில் விற்கவே முடியாது. பிள்ளை அதில் இருந்தபடி படியால் உருண்டு தலையில் அடிபடும் விபத்துகள்தான் காரணம். பக்கக் கம்பி மேலும் கீழும் இறங்கும் பழைய தொட்டில் கட்டிலுக்கு 2016 டிசம்பர் 29இலிருந்து தடை. அந்தப் பக்கத்தின் பூட்டுகள் தேய்ந்து கழன்றால் இடைவெளி விழும், குழந்தை அதற்குள் சிக்கிக்கொள்ளும். இந்த இரண்டும் பேஸ்மென்டில் இருந்தால் உடைத்துத்தான் எறிய வேண்டும். முழுதாகக் குப்பைக்கு வைத்தால் யாராவது எடுத்துப் போய்ப் பாவிப்பார்கள். நீளமாகக் கயிறு தொங்கும் பழைய யன்னல் பிளைண்டும் வேண்டாம், குழந்தையின் கழுத்தில் சுற்றும் ஆபத்து அதில் இருக்கிறது.

காருக்குள் வைக்கும் பிள்ளை இருக்கையைத் திருப்பி அடியில் பாருங்கள். காலாவதித் தேதி பெரும்பாலும் அங்கேதான் அச்சிட்டிருக்கும். தேதி முடிந்திருந்தாலோ, விபத்தில் பட்டிருந்தாலோ, மேப்பிள் இலை உள்ள தேசியப் பாதுகாப்பு முத்திரை இல்லாவிட்டாலோ விற்காதீர்கள். அமெரிக்காவில் வாங்கியதில் அந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது. அடிபட்ட சைக்கிள் ஹெல்மெட்டும் அப்படித்தான், வெடிப்பு உள்ளே இருந்தால் வெளியே தெரியாது. மற்றப் பிள்ளைச் சாமான்களின் மாடல் எண்ணை ஹெல்த் கனடாவின் மீளழைப்புப் பட்டியலில் தட்டிப் பாருங்கள், ஒன்றுக்கு ஒரு நிமிடம் போதும்.

மெத்தையை வெளியே வைக்க வேண்டாம். மூட்டைப்பூச்சிப் பயத்தில் ஒருவரும் தொட மாட்டார்கள். அதைப் பார்த்தவர்கள் பக்கத்தில் இருக்கும் சோபாவையும் சந்தேகப்படுவார்கள்.

என்ன விலை?

பொதுவான கணக்கு, நல்ல நிலையில் உள்ள சாமானுக்குப் புதிதாக வாங்கும் விலையில் பத்திலிருந்து முப்பது வீதம். கண்ணாடிக் கோப்பை 50 சதம், கதைப்புத்தகம் 1 டொலர், பிள்ளைகளின் உடுப்பு 1 அல்லது 2, கைக்கருவிகள் 3 முதல் 5. எல்லா விலையையும் 25 சதத்தால் பிரிபடும்படி வையுங்கள். ஒரு சத நாணயத்தை 2013 பெப்ரவரியிலேயே நிறுத்திவிட்டார்கள். 99 சதம் என்று ஒட்டுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை, மிச்சம் கொடுக்கிறவருக்குத்தான் தொல்லை. 60, 70 டொலருக்கு மேல் பெறுமதி உள்ளதை இரண்டு வாரம் முதலே கிஜிஜி என்ற இணைய விளம்பரத் தளத்திலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேசிலோ போடுங்கள். அந்தச் சாமானையே தேடுகிறவர் அங்கே இருப்பார். தெருவால் போகிறவர் அந்த விலை தர மாட்டார்.

ஒரு 16 அங்குலச் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். சில்லில் காற்று இல்லாமல் தூசியோடு சாத்தி வைத்தால், பார்க்கிறவர் டியூப் போய்விட்டது என்றே நினைப்பார், 5 டொலர் கேட்பார். முதல் நாள் காற்றடித்து, ஈரத் துணியால் துடைத்து, சங்கிலிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பிரேக்கை ஒருமுறை இறுக்கிவிடுங்கள். காலையில் ஒரு பிள்ளை அதில் ஏறி டிரைவ்வேயில் ஒரு சுற்று ஓடிப் பார்க்கும். அதற்குப் பிறகு தகப்பன் பேரம் பேசுவது கஷ்டம். 25 என்று ஒட்டி, 15வரை இறங்கலாம். வேலை மொத்தம் பத்து நிமிடம். மின்சாதனங்களுக்கும் இதுதான். கராஜிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து வையுங்கள், சொருகிப் பார்த்து வாங்கட்டும். பொம்மைகளுக்கு பட்டரி போட்டு வையுங்கள். லெகோவைக் கலந்த பெட்டியாக விட வேண்டாம், உள்ளே தெரியும் பைகளில் பிரித்துக் கட்டினால் ஒவ்வொரு பையும் தனியாகப் போகும்.

நம் வீடுகளுக்கே உரிய சில சாமான்கள் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரும் மிக்சியும் 230 வோல்ட்டுக்குச் செய்தவை. இங்கே சுவரில் வருவது 120. அதை எழுதி ஒட்டாமல் விற்றால் வாங்கியவர் அடுத்த நாள் திரும்பி வருவார். சேலைகளை டிரைவ்வேயில் தொங்கவிடுவது வீண். பட்டு என்று தெரியாதவர் இரண்டு டொலர்தான் கேட்பார், பார்க்கிற உங்களுக்கு மனம் நோகும். அவற்றை விற்க உறவினர், தெரிந்தவர்களின் வாட்ஸ்அப் குழுதான் சரியான இடம். பித்தளைக் குத்துவிளக்கும் அப்படித்தான், நிறையும் பழமையும் பார்க்காமல் விலை ஒட்டாதீர்கள். வியாபாரிகள் முதலில் தேடுவதே அந்த மாதிரிச் சாமானைத்தான்.

விலை எழுத நீல நிறப் பெயின்டர்ஸ் டேப் நல்லது, உரித்தால் பசை நிற்காது. புத்தக அட்டையிலும் மரத்திலும் சாதாரண ஸ்டிக்கர் ஒட்டினால் பிரிக்கும்போது தோலோடு வரும். பேனையில் எழுதினால் தூரத்திலிருந்து தெரியாது. தடித்த கறுப்பு மார்க்கரால் எழுதுங்கள்.

விலை ஒட்டும்போதே ஒவ்வொரு கைப்பையின் உள்பை, கோட்டுப் பை, புத்தகத்தின் நடு, இலாச்சியின் அடி என்று கை விட்டுப் பாருங்கள். நகையும் காசும் பாஸ்போர்ட்டும் இப்படித்தான் கைமாறிப் போகின்றன. பழைய கைபேசியை விற்பதென்றால் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி முழுதாக அழித்துவிடுங்கள். ஐபோனில் கணக்கைக் கழற்றாவிட்டால் வாங்கியவரால் அதைத் திறக்கவே முடியாது. கணினியின் ஹார்ட் டிரைவைக் கழற்றி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

காட்சிக்கு வைப்பது

வாகனத்தில் வருகிறவர் இறங்கலாமா வேண்டாமா என்பதை ஓடிக்கொண்டே முடிவு செய்கிறார். புல்வெட்டும் இயந்திரம், சைக்கிள், மேசை, கருவிகள் எல்லாம் வீதியோரமாக நிற்கட்டும். உடுப்பு மட்டும் முன்னால் தெரிந்தால் பலர் நிறுத்தாமலே போய்விடுவார்கள். நிலத்தில் பரப்பிய சாமானுக்குக் குனிய யாருக்கும் விருப்பம் இல்லை, முதியவர்களால் முடியாது. இடுப்பளவு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மேசை போதாவிட்டால் இரண்டு தாங்கிகளின் மேல் ஒரு பிளைவூட் பலகை போதும். இரண்டு மடிப்பு ஏணிகளுக்கு நடுவில் ஒரு கம்பி வைத்தால் உடுப்புத் தொங்கவிடலாம். இசைத்தட்டையும் மெழுகுதிரியையும் நிழலில் வையுங்கள், வெயிலில் ஒரு மணித்தியாலத்தில் வளைந்துவிடும். நடைபாதையைக் குறுக்கறுக்கும் வயரை டேப்பால் நிலத்தோடு ஒட்டிவிடுங்கள். யாராவது தடக்கி விழுந்தால் அது உங்கள் பொறுப்பு.

பலகைக்குக் கடதாசி மட்டை வேண்டாம், காலைப் பனி ஈரத்தில் நனைந்து மடங்கும். பிளாஸ்டிக் அட்டையில் எழுதித் தடியில் நடுங்கள். நான்கு சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள், எழுத்து ஒரு சாண் உயரம் இருக்கட்டும், அம்புக்குறி அதைவிடப் பெரிதாக இருக்கட்டும். பிரதான வீதியில் ஒன்று, பிறகு திரும்பும் ஒவ்வொரு முனையிலும் ஒன்று. ஒரு முனையில் விட்டுப்போனால் ஆள் வழி தவறி அடுத்த சேலுக்குப் போய்விடுவார். இணையத்தில் வியாழன் பின்னேரம் போடுங்கள். படங்களோடு 'கருவிகள், லெகோ, சைக்கிள், சமையலறைச் சாமான்' என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

காசும் பேரமும்

முதலில் வருகிறவர்கள் வங்கி இயந்திரத்தில் எடுத்த 20 டொலர்த் தாளோடுதான் வருவார்கள். வெள்ளிக்கிழமையே வங்கியில் 25 சதச் சுருள் ஒன்று (40 நாணயம், 10 டொலர்), லூனி எனும் ஒரு டொலர் நாணயச் சுருள் ஒன்று (25 நாணயம், 25 டொலர்), ஐந்து டொலர்த் தாள் பத்து, பத்து டொலர்த் தாள் இரண்டு எடுத்து வையுங்கள். மொத்தம் 105 டொலர். மாலையில் எண்ணும்போது இதைக் கழிக்க மறக்க வேண்டாம். பிளாஸ்டிக்கால் ஆன புதுப் பொலிமர்த் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஐந்து டொலர் மிச்சம் கொடுக்கும்போது விரலால் தேய்த்துப் பிரித்துக் கொடுங்கள். இரண்டு டொலர்ச் சாமானுக்கு 100 டொலர்த் தாளை நீட்டினால் பணிவாக மறுத்துவிடலாம்.

காசுப் பெட்டியை மேசையில் வைக்காமல் இடுப்புப் பையில் கட்டிக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு பேர் வேண்டும், ஒருவர் காசோடு, ஒருவர் சாமான் பக்கம். ஒருவர் பேச்சுக் கொடுக்க மற்றவர் எடுத்துக்கொண்டு போவது நடக்கிற விஷயம். வீட்டுக் கதவைப் பூட்டி வையுங்கள், கழிவறை கேட்டு வந்தாலும் உள்ளே விட வேண்டாம். வங்கி வழியாகக் கைபேசியில் காசு அனுப்பும் இ-டிரான்ஸ்ஃபர் வாங்கலாம். ஆனால் அவர் கைபேசியில் காட்டும் படத்தை நம்பாமல், உங்கள் வங்கிச் செயலியில் காசு விழுந்த பிறகு சாமானைக் கொடுங்கள்.

பேரத்தில் 'எவ்வளவு தருவீங்கள்?' என்று நீங்கள் கேட்காதீர்கள். அவர் சொல்லும் எண் உங்கள் கடைசி விலைக்கும் கீழேதான் இருக்கும். பத்து மணிவரை பெரிதாக இறங்க வேண்டாம், இரண்டு மூன்றை ஒன்றாக எடுத்தால் குறைக்கலாம் என்று சொல்லுங்கள். பதினொன்றுக்கு எல்லாம் பாதி விலை. பன்னிரண்டுக்கு உடுப்பு, புத்தகம், கோப்பைக்கு ஒரு பை 5 டொலர். 'பிறகு வந்து எடுக்கிறேன்' என்பவருக்காக முற்பணம் இல்லாமல் எதையும் ஒதுக்கி வைக்காதீர்கள், பலர் வருவதில்லை.

வரியைப் பற்றி யோசிக்க வேண்டாம். சொந்தப் பாவனைச் சாமானை வாங்கியதைவிடக் குறைவாக விற்பதில் வருமானம் இல்லை. 1,000 டொலருக்குக் குறைந்த விலைக்கு விற்றதில் மூலதன ஆதாயக் கணக்கும் வராது. வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால்தான் கதை வேறு.

ஒரு மணிக்குப் பிறகு

தளபாடத்துக்கு, ஹாபிடாட் ஃபோர் ஹியூமனிட்டி என்ற தொண்டு நிறுவனம் நன்கொடைச் சாமானை விற்கும் ரீஸ்டோர் கடையில் முதலே பதிவு செய்து, திங்கள் அல்லது செவ்வாய்க்கு வண்டி வரச் சொல்லுங்கள். உடுப்பு, பாத்திரத்தைப் பெட்டியில் கட்டி அன்று பின்னேரமே நன்கொடைக் கடையில் இறக்குங்கள், காரில் நாலு நாள் வைத்திருந்தால் அது பேஸ்மென்டுக்கே திரும்பும். மிச்சப் பெயின்ட் பேணியும் பழைய தொலைக்காட்சியும் சாதாரணக் குப்பையில் போகாது, நகராட்சியின் கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பலகைகளை அன்றே போய்க் கழற்றி வாருங்கள். இல்லாவிட்டால் ஞாயிறு காலை ஏழு மணிக்கு யாராவது வந்து பெல் அடிப்பார்கள்.