லத்தீனில் ரோகாவித் (‘கேட்டார்’) வந்தபின், ‘இருக்கிறது’ என்பதற்குச் சித் வருமா, எஸ்ஸெத் வருமா என்று கேட்டிருந்தீர்கள்.

எஸ்ஸெத் தான். ‘வள்ளம் எங்கே இருக்கிறது என்று மீனவர் கேட்டார்’ என்பதற்கு நீங்கள் எழுதிய ‘பிஸ்காதோர் ரோகாவித் உபி நாவிஸ் சித்’ வாக்கியத்தில் கடைசிச் சொல் மட்டும்தான் பிழை. முதன்மை வினை இறந்தகாலம் என்பதால் துணைவாக்கியத்தில் இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ் (இத்தகைய துணைவாக்கியங்களில் வரும் ஓர் இறந்தகால வினைவடிவம்), அதாவது எஸ்ஸெத், வரும். ரோகத் (‘கேட்கிறார்’) என்றிருந்தால் சித் சரி.

குழப்புவது நம் தமிழாகத்தான் இருக்கும். பாம்பன் கரையில் நேற்று நடந்ததைச் சொன்னாலும் ‘எங்கே இருக்கிறது என்று கேட்டார்’ என்றுதானே சொல்வோம். லத்தீன் அப்படி விடாது.

துணைவாக்கியத்தைக் கையால் மறைத்து, முதன்மை வினையின் காலத்தை மட்டும் பாருங்கள். இறந்தகாலமா? சரி, அப்புறம் இன்ஃபினிடிவோடு (காலம் காட்டாத வினைவடிவம்) ‘த்’ விகுதியை ஒட்டுங்கள்: எஸ்ஸெ (‘இருக்க’) எஸ்ஸெத் ஆகும், ஃபகெரெ (‘செய்ய’) ஃபகெரெத் ஆகும். லத்தீனில் இவ்வளவு சுலபமாக அமைவது அபூர்வம்!

ஆனால் ரோகாவித் ‘கேட்டிருக்கிறார்’ என்ற பொருளில் வந்தால் சித் வரலாம். ‘உத்’ என்ற இணைப்புச்சொல் வரும் விளைவு வாக்கியங்களிலும் (‘இன்னது நடக்கும் அளவுக்கு’ என்பவை) இந்த விதி கொஞ்சம் நெகிழும்.