பழைய எம்.ஜி.பி.க்கு ஐந்து கியரா, ஓவர்டிரைவா?

கேள்வி: இங்கிலாந்தில் 1971 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருக்கிறேன். நான்கு கியர்தான், ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் துணைக் கியர்) இல்லை. மோட்டார்வேயில் எஞ்சின் இரைச்சல் தாங்கவில்லை. ஃபோர்டு சியரா காரின் ஐந்து கியர் கொண்ட டைப் 9 கியர்பாக்ஸ் போடலாமா? முன் சஸ்பென்ஷனும் தளர்ந்திருக்கிறது.

பதில்: போடலாம். ஆனால் டைப் 9-இன் ஐந்தாவது கியரும், உங்கள் காருக்கே உரிய லேகாக் நிறுவனத்தின் எல்.ஹெச். ஓவர்டிரைவும் ஏறக்குறைய ஒரே விகிதம்தான்: 0.82. எஞ்சின் சுழற்சி இரண்டிலும் ஒரே அளவுதான் குறையும். டைப் 9-இன் முதல் கியர் விகிதம் 3.65, எம்.ஜி.பி.யில் அது குறைந்த வேகத்திலேயே தீர்ந்து, உடனே இரண்டாவதுக்கு மாற்ற வேண்டிவரும். இன்னும் வேகம் தாங்கும் நீண்ட முதல் கியர் செட் போட்டால் செலவு ஏறும். ஆகவே ஓவர்டிரைவ் உள்ள எம்.ஜி.பி. கியர்பாக்ஸே எங்கள் பரிந்துரை. ஓவர்டிரைவ் நான்காவதில் மட்டுமல்ல, மூன்றாவது கியரிலும் வேலை செய்யும். பழையதை வாங்கினால், எண்ணெய் அழுத்தம் சோதிக்கப்பட்டதையே வாங்குங்கள். அதில் 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஈ.பி. (அதிக அழுத்தம் தாங்கும்) கியர் ஆயில் ஊற்றினால் ஓவர்டிரைவ் கிளட்ச் வழுக்கும். எந்தக் கியர்பாக்ஸானாலும், பழையதை எஞ்சினோடு சேர்த்தே கழற்ற வேண்டும். அப்போதே கிளட்ச், பின் ஆயில் சீல் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

சஸ்பென்ஷனில் முதலில் மாற்ற வேண்டியது கீழ் விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கை) புஷ். எம்.ஜி.பி. ஜி.டி. வி8 மாடலின் எஃகு உறை கொண்ட ரப்பர் புஷ் நான்கு போதும். கார் தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். லீவர் டேம்பரில் (அதிர்வு தாங்கி) எண்ணெய் கசிகிறதா, கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) ஆடுகிறதா என்று பார்க்காமல், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தடித்த ஆன்டி-ரோல் பார் வாங்காதீர்கள்.