கடலிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே வீடு வாங்கலாமா?

கேள்வி: ஓய்வு பெற்றதும் நானும் என் மனைவியும் கடலிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு சிற்றூருக்குக் குடிபோக நினைக்கிறோம். கரையை ஒட்டி வாங்கினால்தான் துருவும் வெள்ளமும், இவ்வளவு உள்ளே வந்துவிட்டால் கவலையில்லை என்கிறார்கள். சரிதானா?

பதில்: துருவைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. அலை உடையும்போது காற்றில் ஏறும் உப்புத் துளிகளில் பெரும்பகுதி முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே படிந்துவிடும். ஈரப்பதம் மட்டும் உங்களோடு உள்ளே வரும். வெயிலும் கரையைவிடக் கூடுதலாகவே தெரியும். கடற்காற்று கரையில் முற்பகலில் தொடங்கினாலும் உள்ளே வந்து சேர மதியம் தாண்டிவிடும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது தண்ணீரைப் பற்றி. கடலோரச் சமவெளியில் மழையால் ஊறிய நல்ல நீர், அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நல்ல நீர் இருக்கும். மேலே அந்த 1 மீட்டர் குறைந்தால், நாளடைவில் கீழே உப்பு நீர் 40 மீட்டர் ஏறிவிடும். ஊரில் எல்லோரும் மோட்டார் போட்டு இறைக்க இறைக்க, ஐந்தாறு வருடம் இனித்த கிணறு கரிப்பது இதனால்தான்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது, தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர் எடுத்துப் போங்கள். மழை முடிந்த கையோடு சோதித்தால் எந்தக் கிணறும் நல்ல பெயர் வாங்கிவிடும். கோடையின் கடைசி வாரங்களில் போங்கள். குழாயில் தேங்கிய நீர் வெளியேற மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓட விட்டு முதல் அளவை எடுங்கள். நிறுத்தாமல் இரண்டு மணி நேரம் ஓட்டி மறுபடி எடுங்கள். முதலில் 500 காட்டியது பிறகு 900 என்று ஏறினால், உறிஞ்சும் வேகத்தில் அடியிலிருக்கும் உப்பு நீர் மேலெழுந்து கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த வீடு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும். 1,000 தாண்டினால் சுவை கெட்டுக்கொண்டே போகும். மீட்டர் மொத்த உப்பை மட்டுமே சொல்லும் என்பதால், குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு மூன்றுக்கும் ஆய்வகத்தில் ஒரு மாதிரி கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது வெள்ளம். எட்டு கிலோமீட்டர் என்பது பெரிய பாதுகாப்பில்லை. கடல்மட்டத்திலிருந்து மனை எத்தனை மீட்டர் உயரம் என்று பாருங்கள். கடல் ஏற்றத்தில் முகத்துவார நீர்மட்டம் உயர்ந்துவிடுவதால், ஆறும் வாய்க்காலும் மழைநீரைக் கொண்டுபோய்க் கொட்ட முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கனமழை பெய்தால் தேக்கம் இன்னும் மோசம். புயல் தள்ளும் கடல் நீர் ஆற்றின் வழியே பல கிலோமீட்டர் உள்ளே ஏறியும் வரும். பழைய மணல்மேட்டின் மேலுள்ள தெருவும், இரண்டு மேடுகளுக்கு நடுவே களிமண் படிந்த பள்ளத்திலுள்ள தெருவும் ஒரே ஊரில்தான் இருக்கும். விலை குறைவாகச் சொல்லப்படும் மனை பள்ளத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கறை, தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை மட்டும் புதிதாக அடித்த பெயின்ட் இரண்டையும் தேடுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் தரைப்பாலம் இருந்தால், அது மூழ்கும் நாளில் மாற்று வழி உண்டா என்பதையும் விசாரியுங்கள். உங்கள் வயதில் இது சின்ன விஷயம் இல்லை.

கேள்வி: பார்த்து வைத்த வீட்டில் போர் தண்ணீர் உப்பு. இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்கிறார் தரகர்.

பதில்: மேலே சொன்ன மிதக்கும் நீர் உள்ள இடத்தில் ஆழம் போகப் போக உப்பு கூடத்தான் செய்யும். சில இடங்களில் தடித்த களிமண் அடுக்குக்குக் கீழே தனியாக நல்ல நீர் இருப்பது உண்டு. அங்கே களிமண் வரை கேசிங் குழாயை இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சிமென்ட் பாலால் அடைக்க வேண்டும். அடைக்காமல் விட்டால் மேலிருக்கும் உப்பு நீர் அந்த இடைவெளி வழியாக இறங்கி, கீழே இருக்கும் நல்ல நீரையும் கெடுத்துவிடும். அக்கம்பக்கத்தில் அதே ஆழத்தில் போட்டவர்களின் தண்ணீரைச் சோதித்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: ஆர்ஓ இயந்திரம் வைத்தால் போதாதா?

பதில்: குடிக்கப் போதும். குளிக்க, துவைக்க, செடிக்கு ஊற்ற அதே உப்பு நீர்தான். வீட்டு ஆர்ஓ பெரும்பாலும் சுத்தமாகத் தருவதைவிடக் கூடுதலான நீரைக் கழிவாகத் தள்ளும். அந்தக் கழிவு இன்னும் உப்பானது, தோட்டத்தில் விடாதீர்கள். வீட்டைக் கட்டும்போது இந்த உப்பு நீரில் கான்கிரீட் கலந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, காரை பெயரும். மொட்டைமாடிக்கு அடியிலும் பால்கனியின் கீழ்ப்புறத்திலும் கம்பி ஓடும் திசையில் நேர்கோடாக வெடிப்பு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.