மேலாளர் கத்தலாமா? ஒரு பழைய டீமேக்கரிடம் கேளுங்கள்

குன்னூர் பக்கம் தேயிலை ஃபேக்டரிகளில் டீமேக்கராக, அதாவது தூள் தயாரிப்பைக் கவனிப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். திட்டு வாங்கியும் பழக்கம், ஆள் வைத்து வேலை வாங்கியும் பழக்கம். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கோத்தகிரி): அண்ணா, சிடிசி மெஷின் (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுவது) பக்கம் சூப்பர்வைசர் காட்டுக் கத்தலாகக் கத்துகிறார். ஃபேக்டரியில் இதெல்லாம் சகஜம் என்கிறார்கள். அப்படியா?

பதில்: தம்பி, மெஷின், டிரையர், விசிறி எல்லாம் சேர்ந்து ஓடும்போது மெதுவாகப் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது, அதனால் குரலை உயர்த்துவதில் தப்பே இல்லை. சிடிசி உருளைகள் எதிரெதிராக வேறு வேறு வேகத்தில் சுற்றுபவை, சிக்கிய இலையை எடுக்க ஒருவன் கையை நீட்டினால் "டேய், கையை எடு!" என்றுதான் கத்த வேண்டும், மரியாதை பார்த்துக்கொண்டிருந்தால் விரல் போய்விடும். ஆனால் மெஷினை நிறுத்தி, கை பத்திரம் என்று தெரிந்த பிறகும் எல்லோர் முன்னாலும் "உன்னை எவன்டா வேலைக்குச் சேர்த்தான்" என்று தொடர்கிறார் பாருங்கள், அது வெறும் ஆத்திரம். அப்புறம், கை போகிற மாதிரி மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்தது யார் என்றும் விசாரியுங்கள்.

கேள்வி (ஊட்டி, ஹோட்டல் வரவேற்பு): மே மாத சீசனில் மேனேஜர் கெஸ்ட் முன்னாலேயே திட்டுகிறார். டென்ஷன் என்று விட்டுவிடலாமா?

பதில்: டென்ஷன் உங்களுக்கும்தானே தங்கச்சி, நீங்கள் அவரைத் திட்டுகிறீர்களா? முதலாளி போன் வந்தால் அதே வாய் எப்படிக் குழைகிறது என்று கவனியுங்கள். அந்த நேரத்தில் எதிர்த்துப் பேச வேண்டாம். கூட்டம் கலைந்ததும் "தப்பு இருந்தால் ஆபீஸ் ரூமில் சொல்லுங்கள் சார்" என்று சொல்லிவிடுங்கள். தேதியையும் அவர் சொன்ன வார்த்தையையும் எழுதி வையுங்கள்.

கேள்வி (கூடலூர், தோட்டம்): ஐயா, இலை எடை குறைந்தால் மேஸ்திரி சாதியைச் சொல்லியும் அசிங்கமாகவும் பேசுகிறார்.

பதில்: அம்மா, இதைக் கோபக் கணக்கில் சேர்க்காதீர்கள், இது குற்றம். பட்டியல் சாதி அல்லது பழங்குடியினரை, அதில் சேராத ஒருவர் நாலு பேர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி போலீஸில் புகார் கொடுக்கலாம். பெண் என்பதற்காக ஆபாசமாகப் பேசினால் வேலையிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் இருக்கிறது: 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், குறைவாக இருந்தால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழு. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். பக்கத்து நிரையில் இலை பறிப்பவர்களைச் சாட்சிக்குக் கேட்டு வையுங்கள்.

கேள்வி (குன்னூர், புது சூப்பர்வைசர்): கத்தாவிட்டால் ஒருத்தரும் வேலை செய்வதில்லையே?

பதில்: கத்தினால் நீங்கள் அங்கே நிற்கிற வரைக்கும் செய்வார்கள். டிரையரில் சூடு ஏறித் தூள் தீய்ந்தால் அந்த வாடை முதலில் தெரிவது அங்கே நிற்கும் ஆளுக்குத்தான். திட்டு விழும் என்று பயந்தால் அவன் வாயே திறக்க மாட்டான், தீய்ந்த தூள் நல்ல தூளோடு கலந்து மூட்டைக்குப் போய்விடும். ஏலத்துக்கு முன்னால் டீயை ருசித்துத் தரம் பார்க்கும் டேஸ்டர் ஒரு வாய் வைத்ததும் கண்டுபிடிப்பார், அன்றைக்கு உங்கள் முதலாளி உங்களைப் பார்த்துக் கத்துவார்.

கேள்வி: கத்திவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்டார், டீயும் வாங்கித் தந்தார். போதுமா?

பதில்: ஊர் பார்க்கத் திட்டியதற்கு ரூமுக்குள் மன்னிப்பு என்றால் பாதிக் கடன்தான் தீர்ந்தது. சரி, இந்தத் தடவை குடியுங்கள். அடுத்த வாரமும் கத்தினால் டீயை அவரே குடிக்கட்டும்.