பனிக்கால அல்கான்குவினில் பறவைகளை எங்கே தேடுவது?

கேள்வி: டொராண்டோவின் ஸ்காபரோவில் வசிக்கிறோம். சென்ற சனவரியில் கனடாவின் ஒன்ராறியோவில் உள்ள அல்கான்குவின் மாகாணப் பூங்காவுக்குச் சென்று, ஒரே நாளில் நான்கைந்து பாதைகளில் நடந்தும் சிக்கடீ என்னும் சிறு பறவையைத் தவிர வேறு பறவை கண்ணில் படவில்லை. மீண்டும் செல்ல இருக்கிறோம். எங்கே, எப்படித் தேட வேண்டும்?

பதில்: ஒரே நாளில் அத்தனை பாதைகளில் நடந்ததே உங்கள் ஏமாற்றத்துக்குக் காரணமாக இருக்கலாம். அங்கே கூடு கட்டும் பறவைகளில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் தெற்கே சென்றுவிடுகின்றன; தங்கிவிடும் சில இனங்களோ ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீட்டர் பரப்பில் சிறு சிறு கூட்டங்களாகச் சிதறி இரை தேடுகின்றன. ஒரு மணி நேரம் ஒரு குரலும் கேட்காமல் போவதும், பிறகு ஐந்தே நிமிடத்தில் மூன்று நான்கு இனங்கள் எதிர்ப்படுவதும் அங்கே இயல்பு. ஆகவே இடங்களைக் குறைத்து, நின்று கேட்கும் நேரத்தைக் கூட்டுங்கள். சிக்கடீயின் குரல் கேட்டால் கடந்துவிட வேண்டாம். மற்ற சிறு பறவைகள் பெரும்பாலும் அதனோடுதான் சேர்ந்து திரியும். பழுப்புத் தலையும் மூக்கால் இழுத்துப் பேசுவது போன்ற குரலும் கொண்ட போரியல் சிக்கடீயை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

60ஆம் நெடுஞ்சாலையில் மேற்கு வாயிலிலிருந்து 42.5ஆவது கிலோமீட்டரில் ஸ்புரூஸ் பாக் பாதை தொடங்குகிறது. 1.5 கிலோமீட்டர்தான் என்றாலும், காலைப்பொழுது முழுவதையும் அங்கேயே செலவிடுங்கள் என்பேன். ஸ்புரூஸ் குரோஸ் என்னும் காட்டுக்கோழி குளிர்காலத்தில் ஊசியிலைகளையே தின்று, கிளையில் அசையாமல் அமர்ந்திருக்கும். பாதையோர மரங்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பார்த்தாலன்றி அது புலப்படாது. பட்டை உரிந்து செம்பழுப்பாகத் தெரியும் அடிமரம் இருந்தால் அருகில் நின்று மெல்லிய தட்டலுக்குக் காது கொடுங்கள். கருமுதுகு மரங்கொத்தி பட்டையைச் செதில் செதிலாகப் பெயர்த்தே புழுக்களை எடுக்கும்.

காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த சாம்பல் நிறக் கனடா ஜே உங்களைத் தேடியே வரக்கூடும். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் கிடைக்கும் பழம், பூச்சி, இறைச்சித் துணுக்குகளை எச்சிலின் பசையால் உருட்டி, மரப்பட்டை இடுக்குகளில் ஒட்டிவைத்து, அந்தச் சேமிப்பை நம்பியே பனி உருகுமுன் குஞ்சு பொரிக்கும் பறவை இது. இலையுதிர்காலம் வெப்பமானால் சேமிப்பு கெட்டுப்போகிறது. பூங்காவில் இதன் எண்ணிக்கை குறைந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள் என்பது வருந்தத்தக்க செய்தி. அங்கே 1960களிலிருந்து இப்பறவையை ஆய்வு செய்துவருகிறார்கள். காலில் வண்ண வளையங்கள் தெரிந்தால், எந்தக் காலில் எந்த நிறம் மேலே, எது கீழே என்று குறித்துக்கொண்டு 43ஆவது கிலோமீட்டரில் உள்ள பார்வையாளர் மையத்தில் சொல்லுங்கள்; அந்தக் குறிப்பு பயன்படும்.

அந்த மையத்தின் தீனித்தட்டுகளில் மஞ்சளும் கறுப்பும் கலந்த ஈவ்னிங் குரோஸ்பீக்குகளை எதிர்பார்க்கலாம். குளிர்காலத்தில் அது எல்லா நாளும் முழுநேரம் திறந்திருப்பதில்லை என்பதால், நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கிராஸ்பில், ரெட்போல் போன்ற விதையுண்ணிகளைப் பற்றி மட்டும் எவராலும் உறுதி தர முடியாது. ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் கூம்புகளும் பர்ச் மரத்தின் விதைகளும் எங்கே விளைகின்றனவோ அங்கே அவை கூட்டமாகப் போய்விடும். ஓராண்டு நூற்றுக்கணக்கில் வந்தவை மறு ஆண்டு ஒன்றுகூட இல்லாமல் போகலாம். எனவே ஊசியிலை மரங்களின் உச்சியில் கூம்புகள் கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

இந்த விதையுண்ணிகள் வந்திருக்கும் ஆண்டுகளில் உப்பையும் மணலையும் கொத்தித் தின்ன நெடுஞ்சாலையிலேயே இறங்கும், வண்டி நெருங்கினாலும் எளிதில் எழும்பாது. பல அடிபட்டுச் சாகின்றன. கூட்டத்தைக் கண்டால் பின்னால் வரும் வண்டிகளைக் கவனித்து வேகத்தைக் குறையுங்கள். வழியில் நிறுத்தாதீர்கள், பாதுகாப்பான ஒதுக்கிடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

காலணிக்கு அடியில் மாட்டும் பனிக்கொக்கிகளும், கேமராவுக்கு உடலோடு ஒட்டிய உட்பையில் ஒரு மாற்று பேட்டரியும் அவசியம். பூங்காவின் பல இடங்களில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது. சனவரியில் மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும் என்பதால், நான்கு மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள்.