கிளவுட் கேமிங் இருந்தால் கேமிங் கம்ப்யூட்டர் வேண்டாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது ஐந்து வருடப் பழைய லேப்டாப். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. வார இறுதியில் பெரிய கதை ஆட்டங்கள் விளையாட ஆசை. வாரநாள் இரவுகளில் நண்பர்களோடு சேர்ந்து துப்பாக்கி ஆட்டம். கேமிங் கம்ப்யூட்டர் வாங்கக் காசு சேர்த்து வருகிறேன். "எதற்கு அவ்வளவு செலவு? மாதச் சந்தா கட்டி கிளவுடில் விளையாடு" என்கிறான் நண்பன். வீட்டில் 200 எம்பிபிஎஸ் இன்டர்நெட் இருக்கிறது. கிளவுட் போதுமா?

பதில்: கிளவுட் கேமிங் என்றால் ஆட்டம் டேட்டா சென்டரில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடும், அதன் காட்சி மட்டும் இன்டர்நெட் வழியே உங்கள் திரைக்கு வரும். நீங்கள் கேட்டிருப்பது இரண்டு ஆட்டங்களைப் பற்றி, அதனால் பதிலும் இரண்டு. கதை ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் போதும். துப்பாக்கி ஆட்டத்தில் தரவரிசையில் மேலே போக நினைக்கிறீர்கள் என்றால் போதாது. காரணத்தைப் புரிந்துகொண்டால், நாளைக்கு வரும் புதுச் சேவையையும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

உங்கள் 200 எம்பிபிஎஸ்ஸில் இருந்து தொடங்குகிறேன். எல்லோரும் முதலில் பார்க்கும் எண் அதுதான், ஆனால் கிளவுட் கேமிங்குக்கு அவ்வளவு தேவையே இல்லை. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ் சேவை 1080பி தரத்தில் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனித்தனிப் படங்கள், ஓடுவதற்குக் கேட்பது 25 எம்பிபிஎஸ். 4கே தரத்தில் 120 ஃபிரேமுக்கு 45. உங்களிடம் அதைப்போல நான்கு மடங்கு இருக்கிறது. அப்படியும் ஆட்டம் திக்கித் திணறலாம்.

சினிமா பார்க்கும்போது அடுத்த அரை நிமிடக் காட்சி முன்கூட்டியே உங்கள் லேப்டாப்புக்கு வந்து சேர்ந்துவிடும். நடுவில் இணைப்பு இரண்டு நொடி தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. ஆட்டத்தில் அந்த வசதி கிடையாது. நீங்கள் இன்னும் அழுத்தாத பட்டனுக்கான காட்சியை எந்தச் சர்வராலும் முன்கூட்டி அனுப்பி வைக்க முடியாது. நீங்கள் மவுஸை அசைக்கிறீர்கள். அந்தச் செய்தி டேட்டா சென்டருக்குப் போகிறது, அங்கே ஆட்டம் ஒரு ஃபிரேமை வரைகிறது, அது வீடியோவாகச் சுருக்கப்படுகிறது, திரும்பி வருகிறது, உங்கள் லேப்டாப் அதைப் பிரித்துத் திரையில் காட்டுகிறது. ஒவ்வொரு அசைவுக்கும் இத்தனையும் நடக்க வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் வரைவதும் காட்டுவதும் மட்டும்தான். சுருக்கம், பயணம், பிரித்தல் மூன்றும் கிளவுடில் கூடுதலாகச் சேர்பவை.

எவ்வளவு கூடும்? நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமின் ஆயுள் 16.7 மில்லிசெகண்ட். உங்களுக்கும் டேட்டா சென்டருக்கும் இடையே பிங், அதாவது செய்தி போய்த் திரும்பும் நேரம், 20 மில்லிசெகண்ட், சுருக்கிப் பிரிக்க இன்னொரு பத்து என்று வைத்துக்கொண்டால், காட்சி சுமார் இரண்டு ஃபிரேம் பின்தங்கும். கேமராவை மெதுவாகத் திருப்பி ஊர் சுற்றும் ஆட்டத்தில் அது உறைக்காது. எதிரியின் வாள் இறங்கும் அந்தக் கணத்தில் கேடயத்தைத் தூக்க வேண்டிய ஆட்டத்தில் உறைக்கும். எதிரே இருப்பவனும் மனிதனாக இருந்து, அவன் கம்ப்யூட்டர் அவன் மேஜைக்குக் கீழேயே இருந்தால், அந்த இரண்டு ஃபிரேமை ஒவ்வொரு முறையும் நீங்கள் அவனுக்கு விட்டுக்கொடுத்தே ஆட வேண்டும்.

இந்தத் தாமதத்தில் ஒரு பகுதியை எந்தத் தொழில்நுட்பமும் குறைக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. டேட்டா சென்டர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்த் திரும்பவே 10 மில்லிசெகண்ட். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் பல இடங்களில் கைமாறுகிறது, ஆகவே உண்மையில் அதைவிடக் கூடும். அதனால் ஒரு சேவையைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இதன் சர்வர் எனக்குப் பக்கத்தில் இருக்கிறதா' என்பதுதான்.

துப்பாக்கி ஆட்டக்காரர்கள் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கிளவுடில் விளையாடும்போது ஆட்டத்துக்குள் திரையின் மூலையில் பிங் 8 என்று காட்டும். 'அட, பிரமாதமாக இருக்கிறதே' என்று தோன்றும். அந்த எண் கிளவுட் இயந்திரத்துக்கும் ஆட்டத்தின் சர்வருக்கும் இடையே உள்ள தாமதம். இரண்டும் டேட்டா சென்டருக்குள் இருப்பவை, ஆகவே குறைவாகத்தான் இருக்கும். உங்கள் விரலுக்கும் கிளவுட் இயந்திரத்துக்கும் உள்ள தாமதம் அதில் சேராது. அதைச் சேவையின் சொந்த அளவீட்டுத் திரையில்தான் பார்க்க வேண்டும்.

சராசரி பிங்கைவிட நான் அதிகம் அஞ்சுவது அதன் ஏற்ற இறக்கத்தைத்தான். எப்போதும் 40 மில்லிசெகண்ட் என்றால் கை பழகிவிடும். 20, 22, 19, திடீரென்று 140, மறுபடி 21 என்று ஆடினால் எந்தக் கையும் பழகாது. என் வீட்டிலேயே நடந்தது: தினமும் இரவு ஒன்பதரை மணிக்கு மேல் ஆட்டம் கோணிக்கொள்ளும். காட்சி சதுரம் சதுரமாக உடையும், நான் விட்ட பட்டன் அழுத்தியபடியே நிற்கும். வேகத்தைச் சோதித்தால் எல்லாம் சரி. இரண்டு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது. அந்த நேரத்தில் வீட்டில் ஒரு போன் சார்ஜுக்குப் போகும். சார்ஜில் இருக்கும்போது அது அன்றைய புகைப்படங்களையும் வீடியோக்களையும் பேக்கப்புக்கு ஏற்றும். ஏற்றும் பாதை முழுவதும் அதனால் அடைபட்டு, என் கன்ட்ரோலரின் சின்னஞ்சிறு செய்திகள் அந்த வீடியோக்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றன. பேக்கப் நேரத்தை அதிகாலைக்கு மாற்றினேன். அன்று இரவே ஆட்டம் சீரானது. சில ரௌட்டர்களில் இப்படி வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்கியூஎம் என்ற அமைப்பு உண்டு. உங்களுடையதில் இருந்தால் இயக்கிவிடுங்கள்.

லேப்டாப்பை ரௌட்டரோடு லேன் கேபிளில் இணையுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, அதுவும் ரௌட்டர் இருக்கும் அதே அறையில். கிளவுட் மோசம் என்று என்னிடம் சொன்னவர்களில் பாதிப்பேருக்கு மேல் வைஃபைதான் குற்றவாளி.

படத்தின் தரத்தைப் பற்றிச் சுருக்கமாக. உங்களுக்கு வருவது சுருக்கப்பட்ட வீடியோ. காற்றில் ஆடும் புல், கொட்டும் மழை, மூடுபனி, இருட்டுக் குகை இவற்றில் சுருக்கத்தின் தழும்பு தெரியும். லேப்டாப்பின் சிறிய திரையில் பெரிதாக உறுத்தாது. ஏவி1 போன்ற புதுச் சுருக்க முறைகளில் தரம் மேம்படுகிறது, ஆனால் அதைப் பிரிக்கும் வசதி உங்கள் லேப்டாப்பின் சிப்பில் இருக்க வேண்டும். இன்டெல்லில் 2020இல் வந்த 11ஆம் தலைமுறையின் டைகர் லேக் சிப்புகளில் அது உண்டு. பழைய சிப்பில் ஹெச்.264 என்ற பழைய சுருக்க முறை கொண்டே ஓட்டலாம். திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 ஃபிரேம் தரும் உயர்ந்த சந்தாவுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இனி பணம். நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கம்ப்யூட்டரின் விலையை மாதச் சந்தாவால் வகுத்துப் பாருங்கள். பல வருடங்கள் என்று விடை வரும். அதற்குள் கிராபிக்ஸ் கார்டும் பழசாகிவிடும். ஆனால் அந்தக் கணக்கில் அவர் விட்டுவிட்டவை சில உண்டு. 25 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆடினால் ஏறக்குறைய 11 ஜிபி டேட்டா. தினம் இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 675 ஜிபி. உங்கள் இணைப்பில் மாத வரம்பு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஜிஃபோர்ஸ் நவ் 2025 ஜனவரி முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு மாதம் 100 மணி நேரம் என்று வரம்பும் வைத்தது. உங்கள் அளவுக்கு விளையாடுபவருக்கு அது தாராளம், விடுமுறை மாதத்தில் மட்டும் கடிக்கலாம்.

இதைவிட முக்கியம், ஆட்டம் யாருடையது என்பது. கூகுளின் ஸ்டேடியா 2019 நவம்பரில் வந்தது. ஆட்டங்களை அதற்குள்ளேயே வாங்க வேண்டும், வேறு எங்கும் ஓடாது. 2023 ஜனவரி 18 அன்று மூடிவிட்டார்கள். ஆட்டங்களுக்குக் கொடுத்த பணத்தைக் கூகுள் திருப்பித் தந்தது. அடுத்து மூடும் நிறுவனமும் அப்படித் தரும் என்று நம்பிக் காசைப் போடக் கூடாது. எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங்கில் சந்தாவோடு சேர்ந்து வரும் ஆட்டங்கள் சந்தா இருக்கும்வரைதான். ஜிஃபோர்ஸ் நவ் வேறு மாதிரி: நீங்கள் ஸ்டீம் போன்ற ஆன்லைன் ஆட்டக் கடையில் ஏற்கெனவே வாங்கிய ஆட்டத்தை அவர்களுடைய இயந்திரத்தில் ஓட்டித் தருகிறார்கள். சேவை போனாலும் ஆட்டம் உங்கள் ஸ்டீம் கணக்கில் இருக்கும். அதிலும் ஒரு சிக்கல்: ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனம் அனுமதிக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் பிளிஸார்டும் பெதெஸ்டாவும் தங்கள் ஆட்டங்களை அதிலிருந்து எடுத்துக்கொண்டன. வாங்கியவர்கள் கையில் ஆட்டம் இருந்தது, கிளவுடில் ஓட்ட வழியில்லாமல் போனது.

ஆகவே சந்தா கட்டும் முன் உங்கள் துப்பாக்கி ஆட்டம் அந்தச் சேவையின் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். விண்டோஸின் அடி ஆழத்தில் உட்கார்ந்து ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் மென்பொருளோடு வரும் சில போட்டி ஆட்டங்கள் கிளவுடில் கிடைப்பதே இல்லை. உங்கள் ஆட்டம் பட்டியலில் இல்லாவிட்டால் தாமதத்தைப் பற்றிய பேச்சே தேவையில்லை. மாட் போட்டு ஆட்டத்தை மாற்றி விளையாடும் பழக்கம் உள்ளவருக்கும் கிளவுட் கை கொடுக்காது. அங்கே ஆட்டத்தின் கோப்புகளில் நீங்கள் நினைத்தபடி கை வைக்க முடியாது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. வீடியோ எடிட்டிங், 3டி அனிமேஷன், படிப்புக்கான கனமான மென்பொருள், இப்படி ஏதாவது அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் வருமா? வரும் என்றால் கிளவுட் கேமிங் சந்தா அதில் எதையும் செய்து தராது. அப்படியானால் காசு சேர்ப்பதை நிறுத்தாதீர்கள். வாங்கும்போது, பின்னால் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய டெஸ்க்டாப்பாகவே வாங்குங்கள். இன்னொரு லாபமும் உண்டு: சன்ஷைன், மூன்லைட் என்ற இரண்டு இலவச மென்பொருள்களைப் போட்டுக்கொண்டால், அந்த டெஸ்க்டாப்பே உங்கள் பழைய லேப்டாப்புக்குச் சொந்தக் கிளவுடாகிவிடும். வீட்டுக்குள் என்பதால் தாமதமும் மிகக் குறைவு.

இப்போதைக்கு இப்படிச் செய்யுங்கள். ஜிஃபோர்ஸ் நவ்வின் இலவசக் கணக்கில் ஒரு முறைக்கு ஒரு மணி நேரம் ஆடலாம், வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும். அது உங்கள் பகுதியில் கிடைத்தால் அதில் ஒரு வாரம். கிடைக்காவிட்டால், பக்கத்தில் சர்வர் உள்ள சேவை ஒன்றில் ஒரே ஒரு மாதச் சந்தா. வருடச் சந்தாவைத் தொடவே வேண்டாம். ஞாயிறு மதியம் சோதிக்காதீர்கள். நீங்கள் வழக்கமாக விளையாடும் அதே இரவு நேரத்தில், வீட்டில் எல்லோரும் போனும் டிவியும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, லேன் கேபிளை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். கதை ஆட்டத்தில் புல்வெளி ஒன்றுக்குப் போய்க் கேமராவை வேகமாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். அடுத்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த துப்பாக்கி ஆட்டத்தின் பயிற்சிக் களத்தில் நூறு இலக்குகளைச் சுடுங்கள். அதே ஆட்டத்தை மறுநாள் நண்பரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதே நூறு. இரண்டு எண்ணிக்கையையும் எழுதி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கடைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.